ஜி. டி. நாயுடு: கழற்றிப் பார்த்துக் கற்றவர்

கண்டி வாவிக்கரையை விட்டு மேடேறும் தெரு, அம்பிட்டியவைக் கடந்து தலாத்துஓயாவுக்கும் அங்கிருந்து ஹேவாஹெட்ட மலைகளுக்கும் செல்கின்றது. அத்தெருவோரத்தில் நெடுங்காலமாக வசித்து வருபவன் நான். காலையில் ஜன்னலைத் திறந்தால் குருமடத்தின் மணியோசையும், மேட்டில் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறும் பஸ்வண்டியின் உறுமலும் ஒன்றாகவே காதில் விழும். ஒன்று ஆன்மாவைப் பழக்குவதற்கென எழுந்த ஓசை; மற்றொன்று இயந்திரத்தின் ஓசை. இவ்விரண்டுக்கும் தொடர்பு ஏதேனும் உண்டோ என்று நான் விளையாட்டாக எண்ணிப் பார்ப்பதுண்டு.

தொடர்பு ஒன்று உண்டு. அது ஆண்டுக் கணக்கில் அமைந்த தொடர்பு. பாப்பரசர் பதின்மூன்றாம் லியோவின் விருப்பப்படி, இந்தியா முழுவதற்கும் குருமாரைப் பயிற்றுவதற்காக அம்பிட்டியவில் குருமடம் தோன்றியது 1893ஆம் ஆண்டில். கொழும்பு மருதானையில் அரசாங்கத்தின் தொழில்நுட்பப் பாடசாலை தொடங்கப்பெற்றதும் அதே ஆண்டில். கோயம்புத்தூருக்கு அண்மையிலுள்ள கலங்கல் என்னும் சிற்றூரில், கோபால்சாமி நாயுடுவின் மகனாகத் துரைசாமி என்ற குழந்தை பிறந்ததும் அதே 1893ஆம் ஆண்டில்தான். மார்ச்சு மாதம் 23ஆம் நாள். அந்தக் குழந்தையே பின்னாளில் ஜி. டி. நாயுடு என்ற பெயரால் தமிழகமெங்கும் அறியப்பட்ட அதிசய மனிதர். அவருடைய வாழ்க்கையை இன்று சொல்ல வேண்டுமென்று எனக்குத் தோன்றியதற்குக் காரணமாயிருந்தவன், என்னிடம் பயின்ற ஒரு மாணவன்.

ஒருநாள் மாலை அவன் கையில் ஒரு விண்ணப்பப் படிவத்துடன் என் வீட்டு விறாந்தைக்கு வந்தான். தோட்டத்துத் தொழிலாளி ஒருத்தியின் மகன், தந்தை இல்லை. சாதாரணதரப் பரீட்சையில் கணிதத்தில் நல்ல பெறுபேறு பெற்றவன். இயந்திரத் திருத்துநர்களுக்கான இலவசப் பயிற்சி ஒன்றில் சேர விரும்பினான். அவனுடைய மாமாவுக்கோ அது பிடிக்கவில்லை. கட்டணமின்றிக் கொடுப்பதில் கருத்தான எதுவும் இராது என்பது அவர் கட்சி. கண்டியில் தமக்குத் தெரிந்த கராஜ் ஒன்றில் இன்றே சேர்த்துவிட்டால், ஆறு மாதத்தில் நாட்கூலியாவது வரும் என்று அவர் வாதாடினார். தாய் இருவருக்கும் இடையில் நின்று தவித்தாள். முடிவைச் சொல்ல வேண்டியவர் சேர்தான் என்று மூவரும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

நான் உடனே பதில் சொல்லவில்லை, சொல்ல முடியவில்லை. காரணத்தை ஒளிக்காமல் கூறிவிடுகிறேன். பல ஆண்டுகளுக்கு முன் இதே போன்ற ஒரு படிவத்துடன் வேறொரு மாணவன் வந்தான். இலவசம் என்ற சொல்லைக் கேட்டதும் அகமகிழ்ந்து, நானே என் கையால் அவனுக்கு நற்சான்றிதழ் எழுதிக் கொடுத்து அனுப்பினேன். அவன் சேர்ந்த இடத்தில் ஒரு எஞ்சின் இருந்தது. அது வர்ணம் பூசப்பெற்று மேசைமேல் வீற்றிருந்தது. மாணாக்கர் அதைச் சுற்றி நின்று பார்த்தார்கள், படம் வரைந்தார்கள், உறுப்புகளின் பெயர்களை மனனம் செய்தார்கள். கழற்றிப் பார்க்க ஒருவருக்கும் அனுமதி இல்லை. கழற்றினால் பொருட்பதிவேட்டில் கணக்குக் காட்ட வேண்டுமாம். ஓராண்டும் சில மாதங்களும் கழிந்தபின் அவன் சான்றிதழுடன் திரும்பி வந்து, ஒரு பட்டறைக்கு வேலை கேட்டுப் போனான். அங்கிருந்த பாஸ், துருப்பிடித்து இறுகிய ஒரு நட்டைக் கழற்றச் சொன்னார். பையன் அளவு பொருந்தாத ஸ்பனரைப் போட்டு, வலிமையெல்லாம் கூட்டித் திருகினான். நட்டின் மூலைகள் மழுங்கிப் போயின, நட்டோ அசையவில்லை. அன்றே அவன் அந்தச் சான்றிதழை மடித்து வைத்துவிட்டான். இப்போது துணிக்கடை ஒன்றில் வேலை செய்கிறான். என்னைக் கண்டால் இன்றும் பணிவாக வணங்குகிறான். அந்த வணக்கம்தான் என்னை அதிகமாகச் சுடுகின்றது.

ஆகவே இலவசப் பயிற்சி என்றால் எனக்கு ஐயம் உண்டு. அந்த ஐயத்தை மாமாவைப் போல ஒரே வீச்சில் தீர்ப்பாக்கவும் எனக்கு மனம் வரவில்லை. இந்தத் தடுமாற்றத்தினிடையே என் நினைவுக்கு வந்தவர்தான் நாயுடு. இயந்திரத்தைத் திருத்தும் தொழிலைத் தாமே கற்றவர். பிறகு பிறருக்கு அதைக் கற்பிக்க முனைந்தவர். கற்பிக்கும் முறையில் ஐயம் கொண்டு பதவியையே துறந்தவர். இம்மூன்றும் ஒரே மனிதரிடம் அமைவது அரிது.

துரைசாமி பிறந்த சிறிது காலத்திலேயே தாயை இழந்தார். பள்ளிக்கூடம் அவருக்கு ஒவ்வவில்லை. கேள்வி கேட்டால் அடிக்கும் ஆசிரியர்மீது மண்ணை வாரி வீசினார் என்று ஒரு கதை வழங்குகின்றது. ஆசிரியனாகிய எனக்கு அக்கதை அத்துணை இனிமையானதன்று. ஆயினும் அதில் ஒரு பாடம் இருப்பதை மறுக்க மாட்டேன். மூன்றாம் வகுப்பளவில் படிப்பு நின்றது. தந்தை அவரை வயலுக்கும் தோட்டத்துக்கும் அனுப்பினார். படிப்பு நின்றதே தவிர வாசிப்பு நிற்கவில்லை. கையில் அகப்பட்ட தமிழ் நூல்களையெல்லாம் தாமே வாசித்துப் பழகினார் என்று அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர்.

அவர் வளர்ந்த பிள்ளையாக இருந்தபோது ஒருநாள், ஆங்கிலேய அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் அந்தப் பக்கம் வந்தார். ரட்ஜ் என்னும் பெயருடைய வண்டி அது. மாடும் இழுக்கவில்லை, குதிரையும் இழுக்கவில்லை. மனிதன் மிதிக்கவும் இல்லை. எனினும் வண்டி ஓடியது. கிராமத்தார் வாய் பிளந்து பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். துரைசாமியோ வீட்டுக்குப் போனபின்னும் அதையே நினைத்துக்கொண்டிருந்தார். அது எப்படி ஓடுகிறது என்ற கேள்வி அவரை விடவில்லை. அதை அறிய வேண்டுமானால் அந்த வண்டி தமக்கே சொந்தமாக வேண்டும் என்று கண்டார். கோயம்புத்தூருக்குச் சென்று ஓர் உணவு விடுதியில் பரிமாறும் வேலைக்கு அமர்ந்தார். காசு காசாகச் சேர்த்து, ஏறத்தாழ முந்நூறு ரூபாய் கொடுத்து, அந்த வண்டியை அந்த அதிகாரியிடமே வாங்கினார்.

வாங்கியவர் அதில் ஏறி ஊரைச் சுற்றி வந்து பெருமை கொண்டாரா என்றால், அதுவன்று அவர் செய்தது. வண்டியை அக்கக்காகக் கழற்றினார். கழற்றியதை மீண்டும் பூட்டினார். ஓர் இளைஞன் தன் பலகாலத்து உழைப்பின் முழுப் பயனையும் தரையில் பரப்பி வைத்துவிட்டு, அது மறுபடி ஓடுமோ ஓடாதோ என்ற அச்சத்துடன் ஒவ்வோர் உறுப்பாக எடுத்துப் பொருத்துகின்ற காட்சியை வாசகர்கள் ஒருகணம் மனக்கண்ணில் காண வேண்டும். அந்த அச்சமே அவருக்கு ஆசிரியர். தவறினால் இழப்பது தம்முடைய பொருள். அவருக்கு அமைந்த தொழில்நுட்பக் கல்லூரி அதுவே. அதற்கு அவர் செலுத்திய கட்டணம் அந்த முந்நூறு ரூபாய்.

பின்னர் வாழ்க்கை அவரை மேலே தூக்கியது, கீழேயும் தள்ளியது. திருப்பூரில் பஞ்சுத் தொழிலில் இறங்கி, முதல் உலகப் போர்க்காலத்தில் பெரும்பொருள் ஈட்டினார். பம்பாய்க்குச் சென்று அங்கிருந்த பெருவணிகருடன் போட்டியிட்டு, ஈட்டியதை இழந்தார். ஊர் திரும்பியவருக்குக் கைகொடுத்தவர் கோவையில் தொழில் நடத்திய ஆங்கிலேயர் ஸ்டேன்ஸ். அவருடைய உதவியினால் 1920ஆம் ஆண்டில் ஒரேயொரு பஸ்வண்டி நாயுடுவுக்குக் கிடைத்தது. பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே அதைத் தாமே ஓட்டினார். முதலாளியும் அவரே, சாரதியும் அவரே, பழுது பார்ப்பவரும் அவரே. அந்த ஒற்றை வண்டியிலிருந்து யுனைட்டெட் மோட்டார் சர்வீஸ் என்றும் யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் என்றும் பலவாறு வழங்கப்பட்ட யு. எம். எஸ். நிறுவனம் வளர்ந்தது. 1933ஆம் ஆண்டளவில் அதன் வண்டிகள் 280 என்று கணக்குச் சொல்வர். நேரந்தவறாமைக்கு அந்த வண்டிகள் பேர்போனவை.

நேரந்தவறாமை என்பதைச் சாரதியின் ஒழுக்கம் என்று மட்டும் நாம் எண்ணிவிடக் கூடாது. பஸ்வண்டி குறித்த நேரத்தில் புறப்பட வேண்டுமானால், முன்னிரவில் பட்டறையில் ஒருவன் கண்விழித்திருக்க வேண்டும். தேய்ந்த பிரேக்கைக் கண்டறிய வேண்டும். சூடேறும் எஞ்சினின் நோயை ஒலியைக் கேட்டே உணர வேண்டும். இருநூற்றெண்பது வண்டிகளை நாள்தோறும் தெருவில் விடுகின்ற நிறுவனம் எதுவானாலும், அது ஓர் அளவுக்குப் பெரிய பயிற்சிக்கூடமே. அங்கே மாணாக்கனின் வேலைக்கு மதிப்பெண் போடுபவர் ஆசிரியர் அல்லர். மறுநாட்காலை வண்டிக்காகக் காத்து நிற்கும் பிரயாணிகள். அந்த மதிப்பெண்ணில் சலுகை கிடையாது.

நாயுடுவின் மனம் பஸ்ஸோடு நின்றுவிடவில்லை. 1932ஆம் ஆண்டில் நீலகிரியின் பைக்காரா நீர்வீழ்ச்சியிலிருந்து மின்சாரம் இறங்கத் தொடங்கியபின், கோவைச் சீமையின் முகமே மாறிற்று. ஆலைகள் பெருகின, கிணற்றிலே கவலை இறைத்த உழவன் மின்சார இறைவைக்கு ஆசைப்பட்டான். அதற்கு வேண்டிய மோட்டார்களோ கடல் கடந்து வந்தன. தா. பாலசுந்தரம் நாயுடுவுடன் இணைந்து 1937ஆம் ஆண்டில் இந்தியாவின் முதல் உள்நாட்டு மின்சார மோட்டாரை நாயுடு உருவாக்கினார். கோவை பின்னாளில் இறைவை இயந்திரங்களுக்கும் வார்ப்படச் சாலைகளுக்கும் பெயர்பெற்ற நகரமானதற்கு அமைந்த அடிக்கற்களுள் இது ஒன்று என்பது மிகையன்று.

ஐரோப்பாவுக்குச் சென்று வந்தார். 1936ஆம் ஆண்டில் லண்டனில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தைத் தம் காமிராவினால் படம் பிடித்தார். சிறு மோட்டாரினால் இயங்கும் ரேசண்ட் என்னும் முகச்சவரக் கருவி, மிக மெல்லிய சவர அலகு, பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயால் சுழலும் விசிறி, ஏமாற்ற முடியாத வாக்குப்பதிவு இயந்திரம் என்று அவர் செய்தவற்றின் பட்டியல் நீண்டது. ஐந்து வால்வு வானொலிப் பெட்டியை எழுபது ரூபாய்க்குச் செய்து தரமுடியும் என்று 1941ஆம் ஆண்டில் அறிவித்தார். இருவர் செல்லத்தக்க சிறு மோட்டார்க் காரை இரண்டாயிரம் ரூபாய் விலையில் 1952ஆம் ஆண்டில் உருவாக்கினார்; அரசாங்கத்தின் உரிமம் கிடைக்காமையால் அது பெருகாமல் நின்றது. ஏழைக்கு எட்டாத பொருளை ஏழைக்கு எட்டும் விலைக்குக் கொண்டுவருவதே அவருடைய கண்டுபிடிப்புகளில் பலவற்றுக்கும் அடிநாதம் என்று நான் கருதுகிறேன்.

அவரிடம் குறையே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. 1936ஆம் ஆண்டுத் தேர்தலில் நின்று தோற்றார். அரசாங்கத்தின் வரிவிதிப்பைக் கண்டிக்கத் தாம் செய்த பொருள்களையே மக்கள்முன் உடைத்துக் காட்டினார். அது வீரம் என்று சிலரும், வீண்செயல் என்று பலரும் பேசினர். ஆக்கத் தெரிந்த கை அழிக்கவும் துணிந்ததே என்று எண்ணும்போது எனக்கு இன்றும் வருத்தமே மேலிடுகின்றது. பொறுமை அவருடைய அணிகலன் அன்று. அந்தப் பொறுமையின்மையின் மறுமுகமே நான் இனிச் சொல்லப்போகும் நிகழ்ச்சியும்.

1944ஆம் ஆண்டில் மோட்டார்த் தொழிலின் நேர்ப்பொறுப்பிலிருந்து அவர் விலகினார். ஆராய்ச்சி மாணவர்க்கு உதவித்தொகை, தம் தொழிலாளர்க்கு நலத்திட்டங்கள், தாழ்த்தப்பட்டோர்க்கு உதவி என்று பல அறங்களை அறிவித்தார். அவருடைய முயற்சியாலும் நன்கொடையாலும், அப்போது சென்னை மாகாணத்தின் கவர்னராக இருந்த ஆர்தர் ஹோப்பின் பெயரால் கோவையில் ஒரு பாலிடெக்னிக்கும் பொறியியற் கல்லூரியும் தோன்றின. 1945ஆம் ஆண்டில் அக்கல்லூரிக்கு நாயுடுவே முதல்வரானார். மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவர் பொறியியற் கல்லூரிக்கு முதல்வர்! கல்வி வரலாற்றில் இத்தகைய காட்சியை நாம் அடிக்கடி காண்பதில்லை.

அங்கேதான் மோதல் எழுந்தது. பாடத்திட்டம் நான்கு ஆண்டுகளுக்கு உரியது. இரண்டு ஆண்டுகள் போதும் என்றார் நாயுடு. எஞ்சிய இரண்டு ஆண்டுகளும் இளைஞரின் வாழ்வில் வீணாகக் கழிபவை என்பது அவர் துணிபு. ஆங்கிலேய அரசாங்கம் அதை ஏற்கவில்லை. தாம் முயன்று நிறுவிய கல்லூரியின் முதல்வர் பதவியை விட்டு நாயுடு வெளியேறினார். கல்லூரி வேறிடம் பெயர்ந்து, இன்று அரசினர் தொழில்நுட்பக் கல்லூரி என்ற பெயரில் தடாகம் சாலையில் நடைபெறுகின்றது. பீளமேட்டுப் பக்கத்தில், முன்பு கல்லூரி இருந்த இடத்துப் பஸ் நிறுத்தத்தை மக்கள் ஹோப் காலேஜ் என்றே அழைத்து வருகின்றனர். கல்லூரி போயிற்று, பெயர் மட்டும் நின்றது.

அதே 1945ஆம் ஆண்டில் இலங்கையில் நிகழ்ந்ததை இங்கே நினைவுகூராமல் இருக்க இயலாது. சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் பாலர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை இலவசக் கல்வி என்னும் பெருங்கொடை இந்நாட்டுக்குக் கிடைத்த ஆண்டு அது. அந்தக் கொடையின் பயனை நானும் துய்த்தவன். அது இல்லையேல் இந்த எழுத்தும் இல்லை. ஆயினும் மலைநாட்டின் தோட்டப் பாடசாலைகள் அந்தப் பயனை முழுமையாகப் பெறாமல் நெடுங்காலம் ஒதுங்கிக் கிடந்தன. 1970களிலேதான் அரசாங்கம் அவற்றைத் தன் பொறுப்பில் ஏற்றது. இலவசம் என்ற சொல் சட்டத்தில் எழுதப்பட்ட நாளுக்கும், அது லயத்து வாசலுக்கு வந்துசேர்ந்த நாளுக்கும் இடையே ஒரு தலைமுறைக் காலம் சென்றது. ஆகவே அம்மக்களிடையே அச்சொல்லைக் குறித்து ஓர் ஐயம் படிந்திருப்பது வியப்பன்று. மாமாவின் வாதத்தை நான் ஏளனம் செய்யாததற்கு அதுவும் ஒரு காரணம்.

நாயுடுவின் கணக்கு எளியது. ஆனால் நாம் அடிக்கடி மறக்கும் கணக்கு. பயிற்சிக்குக் கட்டணம் இல்லை என்றால் செலவே இல்லை என்று நாம் எண்ணுகிறோம். அவரோ மாணாக்கனின் ஆண்டுகளையே செலவாக எழுதினார். செல்வர் வீட்டுப் பிள்ளைக்கு ஓராண்டு போனால் ஓராண்டுதான் போயிற்று. ஏழை வீட்டுப் பிள்ளைக்கு ஓராண்டு போனால், அந்த ஆண்டின் கூலி போயிற்று. தாயின் நகை அடகுக்குப் போயிற்று. தங்கையின் படிப்பும் ஒருவேளை உடன் போயிற்று. இலவசப் பயிற்சி வீணானால், அதிகமாக இழப்பவன் அந்த இலவசம் யாருக்காக ஏற்பட்டதோ அந்த ஏழையே. இதை என் பழைய மாணவன் எனக்குக் கற்பித்தான். நாயுடுவின் பதவித் துறவின் பொருள் அதற்குப் பிறகுதான் எனக்கு விளங்கியது.

அப்படியானால் கராஜே போதும், கல்லூரி வேண்டியதில்லை என்று முடித்துவிடலாமா? நாயுடுவே அப்படி முடிக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஆசிரியரின்றிக் கற்ற அவர், எல்லாரும் தம்மைப் போல ஆசிரியரின்றிக் கற்கட்டும் என்று கைகழுவி விடவில்லை. கல்லூரி காணப் பொருள் கொடுத்தார். ஏன்? தாம் கழற்றிப் பார்ப்பதற்கு ஒரு வண்டி வேண்டியிருந்தது. அந்த வண்டிக்காகத் தாம் பிறர்முன் இலை போட்டுப் பரிமாற வேண்டியிருந்தது. எல்லா இளைஞருக்கும் அது கைகூடுமா? கராஜில் சேரும் பையனுக்கு முதலாண்டில் கிடைப்பவை தேநீர் வாங்கி வரும் வேலையும், சாமான் துடைக்கும் வேலையும். பழுதைக் கண்டறியும் நுட்பத்தைச் சில பாஸ்மார் எளிதில் காட்டித் தருவதில்லை. காட்டித் தந்தால் நாளைக்குத் தெருவின் மறுபக்கத்தில் போட்டிக் கடை வைப்பான் என்ற அச்சம். ஒரு மெஷினைக் கழற்றிப் பிழை செய்யும் உரிமையை ஏழைப் பையனுக்கு வழங்குவதே நல்ல இலவசப் பயிற்சி. அந்த உரிமை இல்லாத பயிற்சிக்கு, கட்டணம் வாங்காததைத் தவிர வேறு சிறப்பு எதுவும் இல்லை.

ஏட்டுக் கல்வியை முற்றும் இகழ்ந்துவிடவும் கூடாது. மருதானைத் தொழில்நுட்பப் பாடசாலையில் பயின்ற டி. ஜே. விமலசுரேந்திர, இந்நாட்டு ஆறுகளின் வீழ்ச்சியிலிருந்து மின்சாரம் பெறலாம் என்பதை 1918ஆம் ஆண்டிலேயே பொறியியலாளர் சங்கத்தில் கணக்கிட்டுக் காட்டினார். லக்ஷபானவின் முதல் மின்சாரம் பிறந்தது 1950ஆம் ஆண்டில். அந்தக் கணக்கை எந்த வண்டியைக் கழற்றியும் கற்க முடியாது. நாயுடுவின் அவசரம் அளவு கடந்ததோ என்று நான் ஐயுறும் இடம் இது. பழுது பார்ப்பவனுக்கு இரண்டு ஆண்டு போதுமாயிருக்கலாம். அணையின் சுவரை வரைபவனுக்குப் போதாது. இருவரையும் ஒரே துலாக்கோலில் நிறுத்தது அவர் செய்த பிழை என்று கூறலாம்.

அம்பிட்டிய வழியே செல்லும் தெருவின் அந்தத்தில் உள்ள லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 1867ஆம் ஆண்டில் பத்தொன்பது ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். முதலில் தம் வீட்டு விறாந்தையிலேயே கொழுந்தைக் கையால் உருட்டச் செய்தார். பிறகு உருட்டும் இயந்திரம் ஒன்றைத் தாமே அமைத்தார். அன்று தொட்டு இம்மலைகளில் எத்தனை ரோலர்களும் உலர்த்திகளும் சுழன்றிருக்கும்! கொழுந்து மலிந்த நாளில் ஒரு பெல்ட் அறுந்தால், ஒரு பேரிங் உருகினால், வாடிய கொழுந்து கெட்டுப்போகும். ஆலை முழுதும் திகைத்து நிற்கும். அப்போது ஓடி வந்து செவியை இரும்போடு வைத்துக் கேட்டுப் பழுதைச் சொன்னவர்களுள் எத்தனையோ பேர் பெயரில்லாத தமிழ்த் தொழிலாளர்கள். அவர்களுக்குச் சான்றிதழ் கொடுத்தவர் இல்லை. வரலாறும் எழுதியவர் இல்லை. அவர்களுடைய பேரப்பிள்ளைகளுக்கு அந்தச் சான்றிதழ் கிடைக்க வேண்டும் என்ற ஆசை எனக்கு உண்டு. அதன் பின்னால் திறமையும் நிற்க வேண்டும் என்ற கவலை அந்த ஆசையைவிடப் பெரியது.

இலங்கையிலேயே ஒரு நல்ல முன்மாதிரியும் உண்டு. 1958ஆம் ஆண்டில் பஸ்வண்டிகள் அரசுடைமையானபோது, பலவகைப்பட்ட பழைய வண்டிகளைப் பழுது பார்க்கக் கைதேர்ந்தவர்கள் போதவில்லை. ஜெர்மனியின் உதவியோடு வெரஹெரவில் பஸ் பட்டறையை ஒட்டியே பயிற்சி நிலையம் அமைந்தது. இலங்கை–ஜெர்மன் தொழில்நுட்பப் பயிற்சி நிலையத்தின் பிறப்பு அதுவே. அங்கே கற்றவர்கள் நாட்டின் நாலாதிசைகளிலும் மதிக்கப்பெற்றனர். அதன் இரகசியம் எனக்குத் தெரிந்தவரை ஒன்றுதான்: பயிற்சி நடந்த இடத்துக்கு அருகே, திருத்தப்பட வேண்டிய உண்மையான வண்டிகள் காத்து நின்றன. யு. எம். எஸ். பட்டறையின் பாடமும் அதுவே அன்றோ?

நாயுடு 1974ஆம் ஆண்டு ஜனவரி 4ஆம் நாள் தமது எண்பதாம் வயதில் மறைந்தார். கோவையில் அவர் பெயரால் தொழிற்பொருட்காட்சிச் சாலையும், தொழிற்பயிற்சி நிலையமும் இருக்கின்றன. இந்தியாவின் எடிசன் என்று அவரைப் புகழ்வோர் உண்டு. அந்தப் பட்டத்தைவிட, ஓர் இளைஞனாகத் தரையில் குந்தி, பரப்பி வைத்த உறுப்புகளுக்கு நடுவே எண்ணெய் படிந்த கைகளோடு இருந்த நாயுடுவே எனக்கு அதிகம் பிடித்தவர்.

இனி அந்தப் பையனின் கதைக்கு வருகிறேன். சேர் என்று முடிவு கேட்டவர்களிடம், முதலில் அந்த இடத்தைப் பார்த்து வருவோம் என்றேன். ஒரு திங்கட்கிழமை காலையில் நானும் பையனும் மாமாவும் புறப்பட்டோம். அலுவலகத்தில் தந்த விளக்கப் பத்திரத்தை நான் வாசிக்கவில்லை. கட்டணம் எவ்வளவு என்று கேட்கவில்லை. அது இல்லையென்று முன்பே தெரியும். பட்டறையைக் காட்டும்படி கேட்டேன். உள்ளே டீசல் எஞ்சின் ஒன்று பிளந்து கிடந்தது. பிஸ்டன்கள் ஒரு தகரத் தட்டில் மண்ணெண்ணெயில் ஊறிக்கொண்டிருந்தன. மூன்று மாணாக்கர் அதைச் சுற்றிக் குந்தியிருந்தனர்; அவர்களுடைய கைகள் மணிக்கட்டு வரை கறுத்திருந்தன. ஒருவன் எதையோ தவறாகப் பூட்டிவிட்டு, பயிற்றுநரின் கண்டிப்பைக் கேட்டுக்கொண்டே மறுபடியும் கழற்றிக்கொண்டிருந்தான்.

மாமா நெடுநேரம் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றார். திரும்பி வரும்போது பஸ்ஸில் அவர் என்னோடு அதிகம் பேசவில்லை. அம்பிட்டியவில் இறங்கும்போது மட்டும், சனிக்கிழமைகளில் பையன் கராஜுக்கும் வந்து போகட்டும், வீட்டுச் செலவை மற்ற நாட்களில் தாம் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். அது நாயுடு கேட்ட இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு தாய்மாமன் எழுதிக் கொடுத்த பிணைச்சீட்டு என்றே நான் எடுத்துக்கொண்டேன்.

அன்றிரவு பையனின் படிவத்தில் நற்சான்றிதழ் எழுத உட்கார்ந்தேன். பேனாவை எடுத்ததும் துணிக்கடையில் நிற்கும் மற்றவனின் முகம் முன்னே வந்து நின்றது. அவனுக்கு எழுதியபோது நான் படிவத்தை மட்டும் பார்த்தேன், பட்டறையைப் பார்க்கவில்லை. இம்முறை பார்த்துவிட்டு எழுதினேன்.